ஒன்லியை எங்க வைக்கிறது?

ஆட்வெர்ப்னு ஒரு சமாச்சாரம் பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் இருக்கா மக்களே? தமிழ்ல வினையடை. நம்ம ஊர்ல அதை ஒரே வரியில முடிச்சிடுவாங்க. ஆட்ஜெக்டிவ் கூட 'லி' சேர்த்தா ஆட்வெர்ப். ஸ்லோ - ஸ்லோலி, குயிக் - குயிக்லி. நாம அழகுக்கு 'ஆக' சேர்த்து அழகாகன்னு சொல்ற மாதிரி. மேட்டர் ஓவர், அடுத்த பாடம்.

இந்த ஒரு வரிதான் வில்லன்னு நான் சொல்றேன்.

முதல்ல அந்த 'லி'யையே எடுத்துக்குவோம். ஃபாஸ்டுக்கு ஆட்வெர்பும் ஃபாஸ்ட்தான். யாராவது ஃபாஸ்ட்லின்னு சொன்னாலும் கேக்கறவங்களுக்குப் புரிஞ்சிடும், விடுங்க. ஆனா ஹார்ட், லேட், நியர் மூணும் அப்படி இல்லை. 'லி' ஒட்டினா அர்த்தமே வேற. லேட்லின்னா சமீப காலமா. நியர்லின்னா கிட்டத்தட்ட. ஹார்ட்லின்னா அநேகமா இல்லவே இல்லை. அப்ரைசல்ல தன் டீம் பையனைப் பாராட்டறதா நினைச்சு 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்லி'ன்னு ஒருத்தர் எழுதினா, படிக்கிறவர் என்ன நினைப்பார்? பையனுக்கு இன்க்ரிமென்ட் கோவிந்தா :-)

ஃப்ரெண்ட்லி, லவ்லி ரெண்டுக்கும் வால்ல 'லி' இருக்கு, ஆனா ஆட்ஜெக்டிவ். ஆக, வாலைப் பார்த்து முடிவு பண்றது வேலைக்கு ஆகாது.

இதெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கலாம். நிஜமான தலைவலி, ஆட்வெர்பை எங்க வைக்கிறதுங்கறதுதான். 'மேனேஜர்ஸ் கேன் அப்ரூவ் லீவ் ஆன் ஃப்ரைடே'ன்னு ஒரு வாக்கியம். இதுல ஒன்லியை நகர்த்திப் பாருங்க.

'ஒன்லி மேனேஜர்ஸ்'னு ஆரம்பிச்சா, வேற யாரும் பண்ண முடியாது.
'அப்ரூவ் ஒன்லி லீவ்'னா, லீவ் மட்டும்தான், செலவு பில்லெல்லாம் கிடையாது.
'ஒன்லி ஆன் ஃப்ரைடே'ன்னா, வெள்ளிக்கிழமை மட்டும்தான்.
'கேன் ஒன்லி அப்ரூவ்'னா? அப்ரூவ் மட்டும் பண்ணலாம், ரிஜெக்ட் பண்ண முடியாதுன்னும் படிக்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும்னும் படிக்கலாம்.

நான் பார்த்த ஒரு ப்ராஜெக்ட்ல, ஸ்பெக்ல இருந்தது அந்தக் கடைசி வகை. கிராமத்துப் பள்ளிக்கூடத்துல தமிழ் மீடியம் படிச்சு வந்த ஃப்ரெஷர் ஒருத்தன், வெள்ளிக்கிழமையான்னு ஒரு இஃப் கண்டிஷன் போட்டான். கிளையன்ட் கேட்டது ரிஜெக்ட் பட்டனே வேண்டாம்னு. டெஸ்டிங்ல வெடிச்சுது. மீட்டிங்ல என்ன பேசினாங்க தெரியுமா? 'பையனுக்கு இங்கிலீஷ் வீக்'. ரெண்டு அர்த்தம் வர்ற மாதிரி எழுதின மகராசனை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. அவர் பேசற இங்கிலீஷ் அவ்வளவு ஸ்டைலா இருக்கும்!

இதுதான் எனக்கு ஆத்திரம். 'ஐ ஆம் இன் சென்னை ஒன்லி'ன்னு நம்மாளு பேசினா உலகமே சிரிக்குது. அவன் என்ன பண்றான்? 'சென்னையிலதான் இருக்கேன்'ங்கறதை அப்படியே இங்கிலீஷ்ல கொண்டுவர்றான். தமிழ்ல 'தான்' எந்தச் சொல்லைக் குறிக்குதோ அதோடயே ஒட்டிக்கும். மேனேஜர்தான், லீவ்தான், வெள்ளிக்கிழமைதான். குழப்பத்துக்கு இடமே இல்லை. நம்ம 'தான்' சில நேரம் வெறும் அழுத்தம், இங்கிலீஷ் ஒன்லி 'வேற எதுவும் இல்லை'ங்கற அர்த்தம், அதனால கேக்கறவங்களுக்கு விநோதமா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அந்த ஸ்பெக்கை அந்தப் பையனே எழுதியிருந்தா ஒன்லியை அது குறிக்கிற சொல்லோடயே ஒட்டி எழுதியிருப்பான். பக் வந்திருக்காது!

இங்கிலீஷ்காரங்களே ஒன்லியை வினைச்சொல் பக்கத்துல தூக்கிப் போட்டுட்டுப் போறாங்களேன்னு கேக்கலாம். நியாயம்தான். ஃபவ்லர்ங்கற இலக்கணக்காரர் 1926லேயே, அர்த்தம் குழம்பாதவரைக்கும் அதைத் தப்புன்னு பிடிக்காதீங்கன்னு சொல்லிட்டார். பேசும்போது குரல் காப்பாத்திடும். எந்தச் சொல்லை அழுத்தறோமோ அதுதான் அர்த்தம். எழுத்துல குரல் ஏது? அதனால என் கட்சி இது: பேச்சுல ஒன்லி எங்க வேணா சுத்தட்டும், எழுத்துல அது குறிக்கிற சொல்லுக்குப் பக்கத்துலயே உக்காரணும். ஜஸ்ட், ஈவன், ஆல்மோஸ்ட் எல்லாத்துக்கும் இதே சட்டம்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. ஸ்டீஃபன் கிங் 2000ல எழுதின 'ஆன் ரைட்டிங்'ல ஆட்வெர்பைத் திட்டியிருக்காராம், அதனால எல்லாத்தையும் வெட்டுங்கறாங்க. சாமிகளா, 'நாட்'டும் 'நெவர்'ரும் ஆட்வெர்ப்தான். கான்ட்ராக்ட்ல அதை வெட்டிப் பாருங்களேன், வக்கீல் வீட்டுல கொண்டாட்டம் :-)

பி.கு: அடுத்த தடவை யாராவது கடைசியில ஒன்லி போட்டுப் பேசினா சிரிக்கறதுக்கு முன்னாடி, நீங்க கடைசியா அனுப்பின மெயிலை ஒரு தடவை திறந்து பாருங்க. அதுல ஒன்லி எங்க உக்காந்திருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.