நடைக்கு யார் பணம் போடுவது?

கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று வந்தால் சுமார் 5 கிலோமீட்டர். புற்றுநோய் சிகிச்சை முடித்தவரை அங்கே நடக்க விடாமல், "ரெஸ்ட் எடுங்க" என்று கட்டிலில் உட்கார வைப்பதுதான் நம் வழக்கம்.

2025-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர். பாதிப்பேருக்கு 3 வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சி. மற்றவர்களுக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். 8 வருடத்தில், பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு, மற்றவர்களில் 83.

இப்படி ஒரு மாத்திரை என்றால் கம்பெனிகள் ஓடி வரும். நடையை அட்டையில் அடைத்து விற்க முடியுமா? அந்த ஆய்வுக்குக் கனடா புற்றுநோய்ச் சங்கம் போன்றவைதான் பணம் போட்டன. இங்கே அரசுதான் போடவேண்டும் என்பேன். மதுரை பெரியாஸ்பத்திரிக்கு நிதி கொடுத்து, நம் மலைக்காரர்களையும் ஆய்வில் சேர்க்கட்டும். பூம்பாறை மேட்டில் ஏறுவதும் ஏரிக்கரை நடையும் ஒன்றா என்ன?