காலதாமதமும் ஒரு தீர்ப்புதான்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்கள் பீங்கானைச் சொல்வார்கள். பெண்கள் மறக்கக் கூடாத இன்னொரு பெயர் இந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது: புதுக்கூரைப்பேட்டை.

2003 மே 5 அன்று கடலூர் பதிவாளர் அலுவலகத்தில் கண்ணகியும் முருகேசனும் திருமணம் செய்துகொண்டார்கள். இருவரும் படித்தவர்கள். கண்ணகி வன்னியர், முருகேசன் தலித். ஜூலை 8 அன்று கண்ணகியின் வீட்டார் இருவருக்கும் நஞ்சு புகட்டிக் கொன்று எரித்தார்கள். விருத்தாசலம் காவல் நிலையம் வழக்குப் பதிந்தது ஜூலை 17 அன்று. அந்த முதல் தகவல் அறிக்கையும் மகனைப் பறிகொடுத்த தலித்துகள் மீதே பழியைப் பங்கு போட்டது.

ஒரு பெண்ணின் முடிவை ஓர் அரசு அலுவலகம் முத்திரை குத்தி ஒப்புக்கொண்டது. அந்த முடிவுக்காக அவள் கொல்லப்பட்டதை இன்னோர் அரசு அலுவலகம் மூடி மறைத்தது. நீதி என்பது நீதிபதியின் மேசையில் தொடங்குவதாக நமக்குக் கற்பிக்கிறார்கள். அது காவல் நிலையத்தில் எழுதப்படும் முதல் தாளில் தொடங்குகிறது. அங்கே பொய் எழுதப்பட்டால் அதை அழித்து எழுத ஒரு தலைமுறை தேவைப்படுகிறது.

கணக்குப் பாருங்கள். 2004இல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது 2021 செப்டம்பரில். 2022 ஜூனில் உயர் நீதிமன்றம் இருவரை விடுவித்தது. கண்ணகியின் சகோதரனது மரண தண்டனையை ஆயுளாக்கியது. அன்றைய உதவி ஆய்வாளரின் ஆயுள் தண்டனையை 2 ஆண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025 ஏப்ரல் 28 அன்று. மொத்தம் 22 ஆண்டுகள்.

இந்த ஆண்டுகள் எல்லோருக்கும் ஒன்றுபோல் கழியவில்லை. அன்றைய ஆய்வாளர் பதவி உயர்ந்து, டி.எஸ்.பி.யாக ஓய்வும் பெற்றார். சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். கண்ணகியின் தந்தையும் சகோதரனும் குற்றவாளிக் கூண்டில் நிற்க, அவளுக்காகவும் பேசும் சுமை முருகேசன் வீட்டார் மீதே விழுந்தது. முருகேசனின் சிற்றன்னை 49ஆவது சாட்சி. அவரை விசாரித்தது செல்லுமா என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு தலித் பெண்ணின் சொல் நிலைபெற அத்தனை படிகள் ஏற வேண்டியிருந்தது.

சிலப்பதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது, தவறு செய்த மன்னன் அவையிலேயே உயிர்விட்டதைப் பெருமையாகச் சொல்கிறோம். நம் காலத்துக் கண்ணகி விஷயத்தில் தவறு செய்த அரசுக்குப் பதவி உயர்வு தர முடிந்தது.

வழி தெரியாமல் இல்லை. ஆணவக்கொலை வழக்குகளை அன்றாடம் விசாரித்து 6 மாதங்களில் முடிக்க முயல வேண்டும், நிலுவையில் உள்ளவற்றுக்கும் இது பொருந்தும் என்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றமே 2018இல் சொன்னது. அப்போது இந்த வழக்கு கடலூரில்தான் கிடந்தது. தீர்ப்பு வர இன்னும் 3 ஆண்டுகள் ஆயின. தன் சொல்லைக் கீழ்நீதிமன்றத்தில் நடைமுறைப்படுத்த முடியாத நீதித்துறை, கடைசியில் தரும் நல்ல தீர்ப்புக்குக் கைதட்டல் எதிர்பார்க்கக் கூடாது.

மாணவிகளே, தீர்ப்பு வந்த நாளைக் கொண்டாடும்போது முதல் தகவல் அறிக்கை பதிவான நாளையும் கேளுங்கள். பொய்யாக எழுதிய அதிகாரி வழக்கு முடியும்வரை பதவியில் இருந்தாரா என்று கேளுங்கள். காதலிக்க நமக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. உயிரோடு இருக்கும்போதே அந்தச் சட்டம் நம்மிடம் வந்து சேர வேண்டும்.