விடையும் விதியும்

ஓடும் ஆற்றையும் வீசும் காற்றையும் ஒரு சமன்பாட்டினுள் அடக்கிய பெருமை, பிரெஞ்சு நாட்டு நேவியருக்கும் அயர்லாந்திற் பிறந்த ஸ்டோக்ஸுக்கும் உரியது. 1822இல் முன்னவரும் 1845இல் பின்னவரும் அதனை வகுத்தனர். விதி கிடைத்தது, விடையோ எளிதிற் கிட்டவில்லை. ஓடும் நீர் தன் வேகத்தையும் தானே சுமந்து செல்கின்றது. ஆதலின், காரணம் இருமடங்கானால் விளைவும் இருமடங்காகும் என்னும் நேர்முறை ஈண்டுப் பொருந்தாது. இத்தகையனவற்றை நேரியல் அல்லாத பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் என்பர்.

அறிஞர்கள் வெளியைச் சிறு கட்டங்களாகப் பகுத்துக் கணக்கிடலாயினர். ஆங்கிலேயராகிய ரிச்சர்ட்சன், 1910 மே 20ஆம் நாளின் வானிலையை இவ்வாறு கையாலேயே கணித்து, 1922இல் நூலாக வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்றது அவர் கணக்கு. உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய மாறாமலே இருந்தது! தொடக்க அளவுகளில் இருந்த குறை கணக்கையே கவிழ்த்துவிட்டது.

இக்காலத்தில் நரம்பு வலை என்னும் கணினி முறை இப்பணிக்கு வந்துள்ளது. 1990களிலேயே அரும்பிய இம்முறை, ரைசி, பெர்டிகாரிஸ், கார்னியாடாகிஸ் ஆகிய மூவரும் 2019இல் வெளியிட்ட கட்டுரையாற் பெருவழக்குப் பெற்றது. இஃது எவ்வாறு இயங்குகின்றது? ஈற்றடியைக் கொடுத்து வெண்பா இயற்றச் சொல்லும் ஆசிரியரை நினைமின். அவர் பாடலைச் சொல்லித் தருவதில்லை. தளை தட்டும் இடத்தை மட்டும் சுட்டுகின்றார். மாணவன் திருத்தித் திருத்திப் பாடலை அடைகின்றான். நரம்பு வலையும் முதலில் ஒரு விடையை ஊகிக்கின்றது. அது சமன்பாட்டினின்றும் எல்லை நிபந்தனையினின்றும் எவ்வளவு வழுவியது என அளந்து, அவ்வழு குறையுமாறு தன்னைத் திருத்திக்கொள்கின்றது.

ஊகத்தை விதியின் முன் நிறுத்தும் இம்முறை வரவேற்கத்தக்கதே. எனினும், தளை தட்டாத பாடலெல்லாம் பொருள் சிறந்த பாடலாகுமோ? எளிய சமன்பாட்டிலும், பாய்வு வேகம் மிகுமிடத்து இவ்வலை தவறான விடையில் நின்றுவிடுவதை 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. புயல் எச்சரிக்கையும் அணையின் வலிமையும் இத்தகைய கணக்குகளையே சார்ந்தவை. அங்கே பிழை நேரின் இழப்பு மக்கள் உயிரன்றோ? ஆதலின், கருவி தரும் விடையைப் பழைய கணிப்பு முறையோடும் நேரில் அளந்த அளவுகளோடும் ஒப்பிட்ட பின்னரே ஏற்றல் வேண்டும்.

மாணவர்களே! கருவி கணக்கிடும், நாம் கணிதம் கற்பானேன் என்று எண்ணற்க. யாப்பறியாதான் வெண்பாவின் பிழையைக் காணான். கணிதம் அறியாதான் கருவியின் பிழையைக் காணான். கருவி வளருந்தோறும் அதனை ஆராயும் அறிவும் வளர்தல் வேண்டும். அவ்வறிவைப் பெறுதல் உங்கள் கடன்.