கடிகாரத்தைத் திறக்குமுன்

ஓய்வு வேளைக்குரிய கைவேலைகளைப் பற்றி எழுதிவரும் இப்பகுதியில், இம்மாதம் கைக்கடிகாரம் பழுதுபார்த்தலை எடுத்துக்கொள்வோம். இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் மணியோடு மல்லாடும் நமக்கு, மணி காட்டும் பொறியின்மீது ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

பெங்களூரில் 1961-ஆம் ஆண்டு, ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் உருவாகத் தொடங்கின. அவற்றுள் 'ஜனதா' நம் தந்தையர் பலரின் கையில் விளங்கியது. அதனுள் 17 கற்கள், மணிக்கு 18,000 துடிப்புகள், நாளொன்றுக்கோ 4,32,000. நாளுக்குப் பத்து வினாடி பிந்தினாலும், 8,640-இல் ஒரு பங்கே பிழையாகும். இத்துணை நுட்பமான பொறியைப் பழகுவோர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தில் பிறப்பனவே.

முதலாவது, முறுக்கிய வில்லின் விசையை இறக்காமல் உட்பாகங்களைக் கழற்றுவது. தடை நீங்கியதும் சக்கரங்கள் வெறிகொண்டு சுழலும். மெல்லிய அச்சுமுனை ஒடியக்கூடும். சாவிக் குமிழை விரல்களில் பற்றிக்கொண்டு, வில்லைத் தடுத்து நிற்கும் சிறு நாக்கை விலக்கி, குமிழைச் சிறிது சிறிதாகப் பின்னோக்கிச் சுழலவிட வேண்டும்.

இரண்டாவது, திருகாணியோடு மல்லுக்கு நிற்பது. சாவிக் குமிழோடு இணைந்த சக்கரத்தின் திருகாணி பல கடிகாரங்களில் இடப்புரி உடையது. வழக்கமான திசையில் திருகினால் மேலும் இறுகித் தலை முறியும்.

மூன்றாவது, எண்ணெயைத் தாராளமாக விடுவது. தையல் இயந்திர எண்ணெய் இதற்கு உதவாது. கடிகார எண்ணெயும் ஊசிமுனையளவே வேண்டும். மிகுந்தது பரவி, மயிரிழைச் சுருளின் வளையங்களை ஒட்டச் செய்தால் கடிகாரம் தலைதெறிக்க ஓடும்.

இவற்றினும் பெரிய தவறு, முதற்பாடத்தைத் தந்தையாரின் கடிகாரத்தில் தொடங்குவது. எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூட நடுவணரசு 2016-இல் முடிவு செய்தது. இன்று ஓர் உதிரிப்பாகத்திற்காக வேறொரு பழைய கடிகாரத்தையே பிரிக்க நேர்கிறது. வீடும் நிலமும் ஊரில் நிற்க, பெரியவர் நினைவாகக் கையோடு வந்தது அக்கடிகாரம் ஒன்றே என்னும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அதன் அச்சு ஒடிந்தால் இழப்பைப் பணத்தால் அளக்க முடியுமா?

ஆகவே, பழைய சாமான் கடையில் ஓடாத கடிகாரம் ஒன்றை வாங்குக. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வெள்ளைத்தாளில் வரிசையாக வைத்து, பக்கத்தில் அதன் இடத்தை வரைந்து கொள்க. பின்னர் கடைசியில் எடுத்ததை முதலில் பூட்டுக. இவ்வாறு பத்து முறை பிரித்துப் பூட்டியவரின் விரல், எங்கே அழுத்தலாகாது என்பதைத் தானே அறியும். பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர்.

பெட்டியில் உறங்கும் தந்தையாரின் கடிகாரம் இன்னும் ஓராண்டு காத்திருக்கட்டும். கை பழகிய பிறகு திறப்போம். அது மீண்டும் துடிக்கக் கேட்போம்.