அழைத்தால் வரும் குதிரை

எருத்தேன்பதியிலிருந்து வந்து இங்கே குடியமர்ந்திருக்கும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய பிள்ளைகள் விடுமுறை நாட்களில் அண்டை வீட்டுச் சிறுவருடன் மேசையைச் சுற்றி அமர்ந்து, இருபது முகங்கொண்ட பகடையை உருட்டி மணிக்கணக்கில் விளையாடுகின்றனராம். மந்திரம் என்கிறார்கள், குதிரையை வரவழைக்கிறார்கள், அது மாண்டால் மறுபடியும் எழுப்புகிறார்கள். இது சூதா, சூனியமா, தடுத்துவிடலாமா என்பது அவர் வினா. இதே ஐயம் வேறு இல்லங்களிலும் இருக்கக்கூடும் ஆதலின், இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம்.

சூதன்று, பணம் வைத்து ஆடுவதில்லை. சூனியமும் அன்று. அன்பர் விவரிக்கும் விதத்தை நோக்கினால், 1974இல் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டமாகவோ, அதன் வழிவந்த ஒன்றாகவோ இருத்தல் வேண்டும். ஒருவர் கதை சொல்லுவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். ஓங்கிய வாள் பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை தீர்க்கும். திண்ணையில் கதை சொல்லும் பாட்டியைப் பேரன் இடைமறித்து, அந்த அரக்கனை இப்போது நான் என்ன செய்வேன் தெரியுமா என்று கேட்க, பாட்டியும் அதற்கு இடங்கொடுத்தால் எப்படியிருக்குமோ, அப்படித்தான்.

இனி அந்தக் குதிரை. பாலடின் என்றொரு வீரன் இவ்வாட்டத்தில் உண்டு. அறநெறி காப்பதாகச் சபதம் ஏற்றவன். அவன் வேண்டினால் ஓர் ஊர்தி வரும். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிகளைப் பார்ப்போம். ஒரு சமயத்தில் ஒருவனுக்கு ஒரே ஊர்திதான். வருவது வெறும் விலங்கன்று. குதிரை முதலிய உருவில் வந்த வேற்றுலக ஆவி. வீரன் பேசும் மொழிகளுள் ஒன்று அதற்கு விளங்கும். (நம் வீட்டுப் பிள்ளைகள் எம்மொழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்க நமக்கு ஆவலாகத்தான் இருக்கிறது.) ஒரு மைலுக்குள் இருந்தால் இருவரும் வாய் திறவாமலே கருத்தைப் பரிமாறிக்கொள்ளலாம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும், அந்த முறையில் நடக்கக்கூடிய தூரத்தில் பாதியைக் கொடுத்துவிட வேண்டும். அடிபட்டு வீழ்ந்தால் ஊர்தியின் உடலும் எஞ்சாது.

வீழ்ந்தபின் என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1978இல் வந்த விதிநூலின்படி, வீரன் நான்காம் படியை எட்டிய பிறகே குதிரையை அழைக்கலாம். பத்து ஆண்டுக்கு ஒரு குதிரைதான். இழந்தால் அக்காலம் கழியுமட்டும் காத்திருக்க வேண்டும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை ஓராண்டும் ஒரு நாளுமாகக் குறைத்தது. 2003இல் முப்பது நாளாயிற்று; அதுவரை வீரனுடைய கையும் சற்றுத் தளர்ந்திருக்கும். 2014இலோ பத்து நிமிடம் மந்திரம் சொன்னால் போதும், அதே குதிரை காயமெல்லாம் ஆறித் திரும்பி வரும். 2024ஆம் ஆண்டு நூலில் அந்தப் பத்து நிமிடமும் போய், வாளை ஒருமுறை ஓங்கும் நேரமே மிஞ்சியிருக்கிறது.

விளையாட வந்த சிறுவனுக்குப் பத்தாண்டு விரதம் கடுமைதான், மறுக்கவில்லை. ஆயினும் குதிரை மலிந்துவிட்டது என்பது நமது துணிபு. பத்தாண்டுக்கு ஒன்றுதான் என்றால், அதைப் பள்ளத்தில் இறக்குமுன் பையன் இருமுறை யோசிப்பான்.

அழைக்கும் ஊர்திக்கு விதி வகுத்தல் அமெரிக்கர் புதிதாகக் கண்டதன்று. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து ஊர்களில் அய்யனாருக்குப் புரவியெடுப்பு நடைபெறுவதை நம் பெரியோர் அறிவர். இரவில் எல்லையைச் சுற்றிக் காவல் புரியும் அய்யனாருக்குக் குதிரை வேண்டும். அக்குதிரை நினைத்தவுடன் வந்துவிடாது. முதலில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசிச் சம்மதிக்க வேண்டும். பிறகு ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளார் கையில் கொடுப்பார்கள். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். அது கைமாறிய பின்னரே வேலை தொடங்கும். வேளார் களிமண்ணில் மணலும் உமியும் கலந்து பிசைந்து, முதலில் கால்களை நிறுத்தி, அவை இறுகிய பின் வயிற்றை ஏற்றி, கழுத்தையும் தலையையும் வனைந்து, காயவைத்துச் சுடுவார். அவசரப்பட்டால் மேற்பாரம் தாங்காமல் கால் நொடித்துவிடும். வண்ணம் தீட்டி, துணி போர்த்தி, மூங்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே கோயிலுக்குச் செல்லும். கண் திறந்த பிறகுதான் அது சாமியின் புரவி, அதுவரை மண்தான்.

அது வீழ்ந்தால்? மழையும் வெயிலும் தின்று காது உதிரும், கால் ஒடியும். பழுது பார்ப்பதில்லை, நின்ற இடத்திலேயே மண்ணோடு மண்ணாகும். மறு குதிரை வேண்டுமானால் மறுபடியும் ஊர் கூட வேண்டும், மறுபடியும் ஒரு பிடி மண் எடுக்க வேண்டும்.

எருத்தேன்பதி அன்பருக்கு இவ்வழக்கம் சற்றுத் தொலைவாகத் தோன்றலாம். 1956இல் கேரள மாநிலம் அமைந்தபோது அவருடைய சித்தூர் வட்டம் அதனுள் சென்றது. வீட்டுப் பேச்சு தமிழாகவே நின்றது, உறவும் சந்தையும் பொள்ளாச்சிப் பக்கம் நோக்கியே இருந்தன. அந்த வழியே கிழக்கே சென்றால் உடுமலையை அடுத்த சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. அங்கே பொங்கலை ஒட்டி உழவர்கள் தங்கள் மாடு கன்று நலம்பெற மண்ணாற் செய்த உருவாரங்களை வைத்து வணங்குவர். பெயரிலேயே எருது ஒலிக்கும் ஊர்க்காரருக்கு இதை நாம் விளக்கவும் வேண்டுமோ! மேற்கே திரும்பினாலும் குதிரை மறைவதில்லை; சபரிமலைக் கொடிமரத்தின் உச்சியில் நிற்பதும் குதிரையே.

கடல் கடந்தவர் என்ன செய்தனர் என்பதும் நோக்கத்தக்கது. மலாயாத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர் முனீசுவரனை உடன் கொண்டுசென்றனர். சுட்ட மண் குதிரைக்குப் பதிலாகச் சிமெண்டுக் குதிரை நின்ற இடங்கள் பல. ஊர்தி மாறிற்று, எல்லையைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. இக்காலத்திலோ நம்மிற் பலர் நேர்த்திக்கடனுக்குரிய பணத்தை வங்கி வழியே ஊருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம். பணம் போய்ச் சேருகிறது, குதிரையும் நிற்கிறது. ஆனால் அந்த ஒரு பிடி மண்ணை எடுக்கும் கை நம் வீட்டுக் கையாக இருப்பதில்லை. எவர் எடுத்தார், எவர் வனைந்தார் என்று நம் பிள்ளைகள் கேட்பதும் இல்லை. பாலடின் குதிரைக்கு எத்தனை நிமிடம் என்பதை உறக்கத்திலும் ஒப்பிக்கும் பிள்ளைக்கு, ஊர் எல்லையில் நிற்கும் மண்குதிரைமேல் யார் ஏறுகிறார் என்பது தெரியாதென்றால், குற்றம் பகடையினுடையதன்று. அந்த ஆட்டத்தின் விதிகளை அவனுக்குச் சொல்ல ஒரு நூல் இருக்கிறது. இந்தக் குதிரையின் விதிகளைச் சொல்ல நாம்தாம் இருக்கிறோம், சொல்லவில்லை.

ஆகவே தடுக்க வேண்டா. அன்பர் ஒருநாள் அந்த மேசையருகே தாமும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வாராக. குதிரை வீழ்ந்தால் மறு குதிரைக்குப் பத்து நிமிடம் போதாது, கூட ஆடுவோர் அனைவரும் சம்மதிக்க வேண்டும், ஏதேனும் ஒரு பணி செய்து முடிக்க வேண்டும் என்று நம் ஊர் விதியொன்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். கதை சொல்லுபவர் ஒப்பினால் எவ்விதியையும் மாற்றிக்கொள்ள அவ்வாட்டம் இடந்தருகிறது.

பெயரிடும் உரிமை மட்டும் வீரனுடையது. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். அவனோடு பொருத வல்வில் ஓரி ஏறியதும் ஓரி என்னும் குதிரையே. சிறுபாணாற்றுப்படை இரண்டையும் சொல்லுகிறது. காரி என்று வைத்தால் ஒரு வசதியும் உண்டு: தொலைபேசியில் பேரன் சொல்ல, எருத்தேன்பதியில் இருக்கும் தாத்தாவுக்கு உடனே விளங்கிவிடும். மயிலை, செவலை, காரி என்று காங்கேயம் மாடுகளை நிறம் பிரித்து அழைத்துப் பழகியவர் அவர். குதிரையா காளையா என்பதை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.