வேப்பிலை கசந்தால் விஷமில்லையா?

பாம்பு கடித்தவரின் வாயில் வேப்பிலையைக் கொடுத்து “கசக்குதா?” என்று கேட்கும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. கசந்தால் விஷம் ஏறவில்லையாம். கடிவாயில் இரண்டு பல் தடம் இல்லை, வீக்கமும் இல்லை என்றால் கடித்தது தண்ணீர்ப் பாம்புதான் என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு உயிரைப் பறிக்கிறது.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்வோம். இரவில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களையே பெரும்பாலும் கடிக்கிறது. பற்கள் மிகச் சிறியவை என்பதால் தடம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். வலியும் வீக்கமும் அநேகமாக இருக்காது. ஏதோ பூச்சி என்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தவர், விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து வாந்தி எடுப்பார். அஜீரணம் என்று வீட்டில் சுக்குக் கஷாயம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே இமைகள் தொங்கத் தொடங்கும். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, தலை நிற்காது. பிறகு மூச்சுத் தசைகள் ஓயும். தூக்கக் கலக்கம் என்று வீட்டார் நினைக்கிற அந்த இமைச்சரிவுதான் நரம்பைத் தாக்கும் விஷத்தின் முக்கிய அடையாளம். அசைவற்றுக் கிடப்பவருக்கு உள்ளே நினைவு தெளிவாக இருக்கக்கூடும். செயற்கை சுவாசம் கிடைத்துப் பிழைத்தவர்கள் உண்டு.

இரண்டு தடம் தெளிவாக இருந்தும் விஷம் இறங்காத கடியும் உண்டு. ஆக, தடம் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

வேப்பிலைக்கு வருவோம். கண்ணாடி விரியனின் விஷம் கெடுப்பது ரத்தத்தின் உறையும் தன்மையை. அதை நாக்கில் தேடிப் பயனில்லை. ஈறு கசிகிறதா, கடிவாயில் ரத்தம் நிற்காமல் வழிகிறதா, சிறுநீர் சிவந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது.

“ஒரு மணி நேரமாச்சு, ஒண்ணும் ஆகலையே” என்ற ஆறுதலும் ஆபத்தானது. பல மணி நேரம் கழித்தும் அறிகுறி தலைகாட்டலாம். ஒரு நாள் முழுக்க மருத்துவக் கண்காணிப்பில் வைப்பது அதனால்தான்.

பாம்பை அடித்து எடுத்துவந்தால்தான் சிகிச்சை என்பதும் சரியல்ல. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை, 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறது. பாம்பைத் துரத்தி இரண்டாவது ஆளும் கடிபட வேண்டியதில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், இறுக்கிக் கட்டாமல் 108-ஐ அழைக்க வேண்டும். கடித்த நேரத்தையும் இமை எப்போது சரியத் தொடங்கியது என்பதையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.