கடற்றொழிலும் தமிழும்

இலங்கையின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல் வணிகத்துக்குத் தமிழே தொழில்மொழியாக இருந்தது. ஓடாவிமார் கப்பல் கட்டியதும் தண்டையல் மாலுமிகளை ஏவியதும் அதில்தான். இங்கு கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் ஊர் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போயிற்று. அவர்களின் கடலறிவு தாய்மொழியில் கற்றது. அதே தமிழை 1956இன் தனிச்சிங்களச் சட்டம் அரச அலுவலகங்களில் ஒதுக்கியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் சட்டத்தில் இடம்பெற்ற மொழி தொழிலில் வாழ்ந்தால்தான் நிலைக்கும். படகு இயந்திரக் கையேடு, காப்புறுதிப் படிவம், திசைகாட்டும் கருவியின் திரை எல்லாம் நல்ல தமிழில் வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இதை வங்கிகளிடமும் விற்பனையாளரிடமும் உரிமையோடு கேட்டுப் பெற வேண்டும்.